சினிமா கூப்பிடும் முன்பே கேட்டுவிடுங்கள்

2024 ஜனவரியில் ‘கட்சி சேர’ பாடல் வெளியானபோது சாய் அபயங்கருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பாடகர்கள் திப்பு, ஹரிணி தம்பதியின் மகன் என்ற அறிமுகத்தைத் தாண்டி, அந்தப் பாட்டு தன் சொந்தக் காலிலேயே ஓடியது. அதே ஆண்டில் ‘ஆச கூட’ வந்தது. கல்யாணப் பந்தல், கல்லூரி விழா, நகரப் பேருந்து என்று ஒலிக்காத இடமில்லை. அதற்குப் பிறகு எல்லாமே வேகம். லோகேஷ் கனகராஜ் தயாரிக்கும் ‘பென்ஸ்’, சூர்யாவின் ‘கருப்பு’ என்று படங்கள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 2025-இல் மலையாளத்தில் ‘பல்டி’யும் தமிழில் ‘டியூட்’டும் அவர் இசையில் திரைக்கு வந்துவிட்டன. ‘கட்சி சேர’வுக்கும் தீபாவளிக்கு வந்த ‘டியூட்’டுக்கும் நடுவே முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது; மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனாலும் இந்தப் பயணத்தில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது. ஓர் இளைஞர் தன் பாடல்களை மட்டும் நம்பி மேடையேறி, ஒரு மணி நேரம் நின்று பாடி, எதிரே இருப்பவர்களின் முகம் எங்கே மலர்கிறது, எங்கே வாடுகிறது என்று பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டம் அது. தமிழில் அந்தக் காலத்தை நாம் யாருக்கும் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் “அடுத்த வருஷம் யாரைக் கவனிக்கலாம்?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி சீக்கிரமே “எந்தப் படம் பண்ணுகிறார்?” என்று மாறிவிடுகிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஹிப்ஹாப் தமிழா 2012-இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ என்ற ஆல்பத்தோடு வந்தபோது தமிழ் ராப்புக்குத் தனி வாசல் திறந்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். 2015-இல் ‘ஆம்பள’ படம் வந்தது. குழுவின் ஆதி திரைப்பட இசையமைப்பாளரானார், பின்னர் நடிகரும் ஆனார். ‘நான் ஒரு ஏலியன்’ என்று ஒரு தனி ஆல்பத்தோடு அவர் மறுபடி வந்தது 2020-இல். நண்பர்களோடு மேடைகளில் பாடிக்கொண்டிருந்த ஷான் ரோல்டனை 2014-இல் ‘வாயை மூடி பேசவும்’ அழைத்துக்கொண்டது. தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தாவை ‘96’ வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இவர்கள் எல்லாரும் சினிமாவுக்கு நல்ல இசை தந்தவர்கள். அந்தப் பாடல்கள் இல்லாத தமிழ்த் திரையை நினைத்துப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் இவர்கள் சினிமாவுக்குள் போனபோது, வெளியே காலியான இடத்தை நிரப்ப ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்று. அதுதான் கவலை.

இத்தனைக்கும் அப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மார்கழியிலும் கண்ணெதிரே நடக்கிறது. மியூசிக் அகாடமியில் பகல் 12 மணிக்கு ஒரு கச்சேரி. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பாடுபவர் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர். அவர் நன்றாகப் பாடினால் சில ஆண்டுகளில் பிற்பகலுக்கு நகர்கிறார். பிறகு நாலு மணி. பிறகு, அதிர்ஷ்டமும் உழைப்பும் சேர்ந்தால், மாலை ஏழு மணி. பகல் கச்சேரிக்கு வரும் கூட்டம் சிறியதுதான். ஆனால் கேட்கத் தெரிந்த கூட்டம். குறிப்பேட்டில் ராகத்தின் பெயரை எழுதிக்கொள்ளும் மாமாக்களும் மாமிகளும், சக வித்வான்களும், குருவின் மற்ற சிஷ்யர்களும் அங்கே இருப்பார்கள். ஒரு நிரவல் சறுக்கினால் அன்று மாலைக்குள் பாடகருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. யாருக்கு அந்த வாசல் எளிதாகத் திறக்கிறது, யாருக்குத் திறப்பதே இல்லை என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது, நியாயமாகவே. என்றாலும் புதியவரை வளர்க்கும் கருவியாக அது வேலை செய்கிறது. 1928-இல் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் வசந்த உற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட வேண்டிய இடத்தில் 18 வயது ஜி.என். பாலசுப்பிரமணியம் உட்கார்ந்து பாடினார். அங்கேதான் அவர் பயணம் தொடங்கியது. 1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் 12 வயது யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து வாசித்தபோது, அந்த வாத்தியம் கர்னாடக இசைக்கு ஆகுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. கட்டுரைகள் எழுதி அதைத் தீர்க்கவில்லை. வாசிக்க மேடை கிடைத்தது, அவர் வாசித்தார், விஷயம் முடிந்தது. 1985-இல் இளைஞர்களே கூடி ஒய்.ஏ.சி.எம். என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் தலைமுறைக்குக் கச்சேரிகள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சஞ்சய் சுப்ரமண்யன், விஜய் சிவா, டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் அதில் இருந்தவர்கள்.

சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, தன் பெயரில் பாடும் ஒரு தமிழ் இளைஞருக்கு இந்த 12 மணிக் கச்சேரி எங்கே இருக்கிறது?

எங்குமில்லை. அவருக்கு இருப்பது கைபேசித் திரை. அங்கே முப்பது விநாடிக்குள் மனதைப் பிடிக்கும் ஒரு ‘ஹூக்’ இருந்தால் பாட்டு பரவும், இல்லையென்றால் இல்லை. தொலைக்காட்சிப் போட்டிகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லலாம். ‘சூப்பர் சிங்கர்’ 2006-இல் தொடங்கியதிலிருந்து அற்புதமான குரல்களைக் கண்டெடுத்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அங்கே அந்தக் குரல்கள் பாடுவது பெரும்பாலும் ஏற்கெனவே புகழ்பெற்ற சினிமாப் பாடல்களை. அசல் பாடகருக்கு எவ்வளவு நெருக்கமாகப் பாடுகிறாரோ அவ்வளவு பாராட்டு. பதினைந்து வயதில் அந்தப் பயிற்சி பெற்றவரிடம் இருபத்தைந்து வயதில் “உன் பாட்டு எங்கே?” என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

இந்த நிலையிலும் தன் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வரும் ஆண்டில் காது கொடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

முதலில் பால் டப்பா. சென்னைப் பையன், பாடுவதோடு ஆடுபவர். ‘170சிஎம்’, ‘காத்து மேல’ போன்ற பாடல்களில் அவர் செய்வதைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். சென்னைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே அவர் தாளமாக வைத்துக்கொள்கிறார். வார்த்தைகளை இறுக்கி அடுக்கிக் கேட்பவரைத் திணறடிப்பது ராப்பில் ஒரு வழி. இவர் இடைவெளி விடுகிறார். ஒரு சொல்லைத் தொங்கவிட்டு, உடம்பு அசைய நேரம் கொடுத்து, அடுத்த சொல்லைப் போடுகிறார். ஆடத் தெரிந்தவர் எழுதும் பாட்டு என்பது அதில் தெரிகிறது. ‘பிரதர்’ படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் அவர் பாடிய ‘மக்காமிஷி’ எல்லா வயதினரையும் எட்டியது. அவரோடு சேர்ந்து பாடல்கள் செய்திருக்கும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவின் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும். 2019-இல் ராப் பாடகர் அறிவு வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்துக்கு இசை அவருடையது. பாடுபவரின் முகம் மட்டும் நம் கண்ணில் படுகிறது; பாட்டின் எலும்பைச் செய்பவர் பின்னால் நின்றுவிடுகிறார். அறிவின் கோபத்துக்கும் பால் டப்பாவின் துள்ளலுக்கும் ஒரே கை ஒலி கட்டியிருக்கிறது என்பது தமிழ் ராப்பின் இந்தப் பத்தாண்டைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி.

கொடைக்கானலிலிருந்து வந்த இர்ஃபானா இன்னொருவர். ‘கண்ணில பெட்ரோல்’, ‘ஷீலா சில்க்’ என்ற தலைப்புகளே அவர் மனநிலையைச் சொல்லிவிடும். தமிழ் ராப் இதுவரை பெரும்பாலும் ஆண்களின் சபை. அதில் ஒரு பெண் தன் தெனாவட்டை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்து வைக்கும்போது, பாட்டின் சுருதியே மாறிவிடுகிறது. அவர் ஒரு முழு நீள ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போகும் நாள் சீக்கிரம் வர வேண்டும்.

இசைவாணியைப் புதியவர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல்முறையாக மேடையேறியபோது, அந்தப் பத்தொன்பது பேரில் ஒரே பெண் அவர். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா என்பது சாவு வீட்டில் இரவெல்லாம் ஆண்கள் உட்கார்ந்து பாடுவது என்றிருந்த வழக்கத்தில், வடசென்னைப் பெண் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். 2020-இல் பிபிசியின் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதற்குப் பிறகும் அவர் பெயரை மட்டும் போஸ்டரில் போட்டு, டிக்கெட் விற்று, இரண்டு மணி நேரக் கச்சேரி நடத்த எத்தனை அரங்குகள் முன்வந்தன? அங்கீகாரம் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது. மேடையைத் தர வேண்டியது நாம். அதனால் அவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்.

வார்த்தையே இல்லாத இசைக்கும் இடம் வேண்டும். சென்னையின் ஜடாயு குழு அதைச் செய்கிறது. ஷைலு ரவீந்திரனும் சாஹிப் சிங்கும் கிட்டாரில் கமகம் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் மனுகிருஷ்ணன் மிருதங்கமும் அறிந்தவர். கர்னாடக இசையையும் ராக்கையும் கலப்பதாகச் சொல்லும் குழுக்கள் நிறைய உண்டு. பல நேரம் ஒரு கீர்த்தனையைப் பாடி, அதன் மேல் கிட்டாரை உரக்க ஒலிக்கவிட்டால் ‘ஃப்யூஷன்’ ஆகிவிட்டது என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஜடாயு அப்படி இல்லை. ராகத்தின் வளைவு அவர்களுடைய விரலிலேயே இருக்கிறது. ஜாஸ் கலைஞர்களைப் போல ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டுப் பதில் சொல்கிறார். ‘மூட்ஸ்விங்ஸ்’ ஆல்பத்தை வேறு வேலை எதுவும் செய்யாமல் ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும்.

டொரன்டோவையும் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, போரினால் குடும்பத்தோடு கனடா போய்ச்சேர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், 2021-இல் ‘மேட் இன் ஜாஃப்னா’ என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’யில் அவரோடு ஒலித்த குரல் நவ்ஸ்-47. மிருதங்கம் வாசிக்கும் தயாரிப்பாளர் யாஞ்சன், ஷானோடு சேர்ந்து மிருதங்கச் சொற்கட்டின் மேல் ராப்பை ஏற்றினார். பிறகு கர்னாடகப் பாடகர் சந்தீப் நாராயணனோடு சேர்ந்து வேலை செய்தார். சிங்கப்பூரில் யங் ராஜா இருக்கிறார். மலேசியாவில் யோகி பி. அண்ட் நட்சத்ரா 2006-இலேயே ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தந்து, இங்கே இருக்கும் பலருக்கு ராப் என்றால் என்னவென்று காட்டினார்கள். தமிழ் ராப்பின் வரலாற்றை எழுதினால் முதல் பக்கங்கள் கோலாலம்பூரில்தான் தொடங்கும். கோடம்பாக்கம் பக்கத்தில் இல்லாத ஊர்களில் தமிழ் இசைக்கலைஞர்கள் சினிமாவுக்காகக் காத்திருக்காமல் ஆல்பம் போட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீடான கேரளத்தைப் பார்த்தாலும் போதும். மலப்புறத்தில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்த ஹனுமான்கைண்ட் 2024 ஜூலையில் ‘பிக் டாக்ஸ்’ வெளியிட்டார். பொன்னானியில், மரணக்கிணற்றுக்குள் பைக்குகள் சுற்ற எடுத்த காணொளி அது. பாட்டு அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள் போனது. 2025 ஏப்ரலில் கோச்செல்லா விழாவில் செண்டைக் கலைஞர்களைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு பாடினார். அவரும் சினிமாவில் பாடியிருக்கிறார், ‘ரைஃபிள் கிளப்’பில் நடித்தும் இருக்கிறார். ஆனால் உலகம் அவரை அறிந்துகொண்டது அவருடைய சொந்தப் பாட்டால்.

இதெல்லாம் நம் மண்ணில் முடியாது என்று சொல்பவர்கள் நாகூர் ஹனிபாவை மறந்துவிட்டார்கள். அவர் திரையில் பாடிய பாடல்கள் மிகச் சில. வாழ்நாள் முழுவதும் மேடைதான். கட்சிக் கூட்டம், கந்தூரி விழா, கல்யாண வீடு. ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். 2015-இல் அவர் மறைந்தபோது மதம் பாராமல் தமிழ்நாடு துக்கம் அனுசரித்தது. சினிமா தயவில்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தமிழ்ப் பாடகர் கோலோச்ச முடிந்தது, அவருக்குக் கூப்பிட்டு மேடை தரும் ஊர்கள் இருந்ததால்.

மேடை ஒரு பாதி என்றால் பணமும் பெயரும் மறுபாதி. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைவிடப் பெரிய வெற்றி தமிழில் அதிகத் தனிப்பாடல்களுக்குக் கிடைத்ததில்லை. அறிவு எழுதியது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தின் கதை அதன் அடியில் இருக்கிறது, அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டை அறிவோடு பாடிய தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் குரல் எழுப்பிய பிறகு அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட ஒரு பாட்டுக்கே இந்த நிலை என்றால், நேற்று முதல் பாட்டைப் பதிவேற்றிய இளைஞர் யாரை நம்புவார்? அறிவு அதற்குச் சொன்ன பதில் அழகானது: அதே 2024-இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டியின் பெயரிலேயே ஆல்பம் போட்டார்.

இளம் கலைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு சட்டம் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக்கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. தாமதிக்காமல் அதில் உறுப்பினராகிவிடுவது நல்லது. ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதும்.

மேடைகளுக்கு வருவோம். முன்முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் கடற்கரையில் விழா நடத்தினார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது, ஒப்பாரியும் பறையும் கானாவும் மார்கழியின் கணக்கில் சேர்ந்தன. சென்னை சங்கமம் பொங்கல் நாட்களில் பூங்காக்களைக் கலைஞர்களால் நிரப்புகிறது. பறை இசைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ வந்ததில் இப்படிப்பட்ட மேடைகளுக்கும் பங்குண்டு என்றே தோன்றுகிறது. ஆனால் விழா வருஷத்துக்கு ஒருமுறைதான். ஓர் இசைக்குழு மெருகேற மாதாமாதம் மேடை வேண்டும்.

அதற்குப் புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நான்கு அரசு இசைக் கல்லூரிகளும் 17 மாவட்ட இசைப்பள்ளிகளும் இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் கற்றுத்தரும் அந்த வளாகங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையைச் சொந்தப் பாட்டு பாடுபவர்களுக்கு ஒதுக்கலாம். தவில் கற்கும் மாணவரும் ராப் எழுதும் பாலிடெக்னிக் மாணவரும் ஒரே மாலையில் ஒருவரை ஒருவர் கேட்டால், அங்கிருந்து என்ன பிறக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு வழி இன்னும் எளிது, நாளைக்கே தொடங்கலாம். மேற்கில் பெரிய கச்சேரிகளுக்கு முன்னால் புதியவர் ஒருவர் பாடுவது மரபு. பிபிசி 2003 முதல் ஆண்டுதோறும் வளரும் கலைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. 2008-இல் அடேல், 2014-இல் சாம் ஸ்மித், 2025-இல் சாப்பெல் ரோன். இவர்களில் ரோன் அந்த மரபால் பயன்பெற்றவர். அவரை அவருடைய இசை நிறுவனம் 2020-இல் கைவிட்டிருந்தது. பிறகு சொந்த முயற்சியில் பாடி, ஒலிவியா ரோட்ரிகோவின் கச்சேரிகளில் முன்னால் பாடும் வாய்ப்புப் பெற்று, பெரிய கூட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டவர் அவர்.

இளையராஜாவின் கச்சேரிக்கும் ஏ.ஆர். ரஹ்மானின் கச்சேரிக்கும் அனிருத்தின் கச்சேரிக்கும் மைதானம் நிரம்புகிறது. நிகழ்ச்சி தொடங்கும் வரை ஆயிரக்கணக்கான பேர் விளம்பரப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அரை மணியை ஜடாயுவுக்குக் கொடுக்கலாம், இர்ஃபானாவுக்குக் கொடுக்கலாம், இன்னும் நம் காதுக்கே எட்டாத தூத்துக்குடிக் குழு ஒன்றுக்குக் கொடுக்கலாம். மூன்று நிபந்தனைகள் மட்டும்: அவர்கள் பெயர் போஸ்டரில் இருக்க வேண்டும், சவுண்ட் செக்குக்கு நேரம் தர வேண்டும், பேசிய பணத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும்.